அப்பா எடுத்த அளவு

வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருக்குப் பெயர் கிடையாது. அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் இருட்டு சார். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம். அதற்குள் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவருக்கும் அதில் கோபம் இல்லை. உள்தொலைபேசி அடித்தால் அவரே எடுத்து, "இருட்டு பேசறேன்" என்பார்.

அவருடைய வேலை அளப்பது. மேல்மாடிகளில் பிள்ளைகள் எதையெதையோ கலந்து, காய்ச்சி, கழுவிக் கொண்டுவருவார்கள். விரல் பருமனுள்ள சதுரக் கண்ணாடிக் குப்பியில் அதை ஊற்றி, நீல ஒளிக்கற்றையின் வழியில் வைப்பார். பொருள் நீலத்தை விழுங்கிவிட்டு வேறொரு நிறத்தில் மினுங்கும். எந்த நிறம், எவ்வளவு என்று கருவி எண்ணும். அவர் எழுதித் தருவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்கு அவர் வைத்திருந்த கட்டுப்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே வருகிறவர்கள் கைபேசியை வாசலில் வைத்துவிட வேண்டும். விளக்கை அணைத்த பிறகு கண் பழகுவதற்கு இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். முதலில், ஒன்றும் கலக்காத வெறும் கரைப்பானை வைத்து அளப்பார். கருவி பூஜ்யம் காட்டினால்தான் சாம்பிளைக் கையால் தொடுவார். வந்த எண்ணை ஆய்வாளரின் நோட்டிலேயே சிவப்புப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போடுவார். சிவப்புப் பென்சில் விழுந்துவிட்டால் அப்புறம் அந்த எண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது. "இருட்டு சார் அளந்தாச்சா? அப்ப சரி" என்று போய்விடுவார்கள்.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் அவருடைய ஒரே மகள் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு சாம்பிளைக் கொண்டுவந்த அன்று, கதவைத் தட்டிவிட்டு, "சார், உள்ள வரலாமா?" என்றாள்.

"போனை வெளியில வைம்மா."

"வீட்ல போன் எங்க இருக்குன்னு நீங்கதான் தேடிக்கிட்டு அலையறீங்க. இங்க மட்டும் பெரிய அதிகாரி."

"ரெண்டு நிமிஷம் பேசாம நில்லு."

"நான் ரெண்டு நிமிஷம் பேசாம இருந்து என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

இருட்டில் அவர் சிரித்தது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கலப்புப் பொருள். பாதி படிகம், பாதி சாயம். கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களைக் காய்ச்சி எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் சாய மூலக்கூறுகளை ஒட்டவைப்பாள். படிகம் வெளிச்சத்தைப் பிடிப்பதில் கெட்டி. பிடித்ததை வைத்து எதுவும் செய்யத் தெரியாது. சாயத்துக்கு வேலை தெரியும். வெளிச்சத்தைப் பிடிக்கத் தெரியாது. இரண்டையும் நெருக்கமாகச் சேர்த்துவிட்டால் படிகம் பிடித்த ஆற்றல் சத்தமில்லாமல் சாயத்துக்குப் போய்ச் சேரும். சாயம் சிவப்பாக மினுங்கும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் இதை அம்மாவுக்கு விளக்கினாள்.

"பிடிச்சதை அப்படியே எடுத்துக் குடுத்துடுமா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படியே இல்லம்மா. பாதி வழியில வீணாப் போகும். நூறுல எத்தனை போய்ச் சேருதுங்கறதுதான் என் ஆராய்ச்சியே."

"இந்த வீட்ல நான் நூறு சொன்னா உங்கப்பா காதுல எத்தனை போய்ச் சேருதுன்னு முதல்ல அளந்து சொல்லு."

"அது பூஜ்யம்மா. அதை வெச்சுதான் அப்பா கருவியையே சரிபாக்கறார்."

அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பேச்செல்லாம் அம்மாவும் மகளும்தான். அவர் பங்குக்கு அவர்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

நடந்த தப்பைப் புரிந்துகொள்ள அந்தக் கருவியில் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாம்பிளுக்கும், ஒளிக்கற்றைக்குப் பக்கவாட்டில் இருக்கும் எண்ணும் கருவிக்கும் நடுவே இரண்டு ஃபில்டர்கள் நிற்கும். முன்னால் நிற்பது முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வில்லை. நீல வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். பின்னால் நிற்பது அடர்சிவப்புக் கண்ணாடி. மிச்சம் மீதி நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் உள்ளே விடும். மகள் வந்த இரண்டாம் வருடம் பளபளப்பு வில்லையில் கீறல் விழுந்தது. புதியதற்கு எழுதிப்போட்டார். வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் சிவப்புக் கண்ணாடியை மட்டும் வைத்து ஓட்டலாம் என்று முடிவு செய்தார். நீலத்தைத் தடுக்கத்தான் அது ஒன்றே போதுமே. வெறும் கரைப்பானை வைத்துப் பார்த்தார். பூஜ்யம். நல்ல பிள்ளையாகக் கருவி பூஜ்யம் காட்டியது.

அந்த வாரத்தில்தான் மகள் தன் முதல் பேட்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கொஞ்சம் கலங்கலாக இருந்தது, கஞ்சித்தண்ணீர் போல.

"சரியாக் கழுவலையோ?" என்றார்.

"முதல் தடவைப்பா. அடுத்தது தெளிவா வரும். சும்மா அளந்து பாருங்க."

விளக்கை அணைத்தார். இரண்டு நிமிடம். கருவி எண்ணி முடித்து ஒரு வளைகோட்டை வரைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். நூற்றுக்கு எழுபத்தெட்டு. அவளுடைய துறையில் அதுவரை யாரும் ஐம்பதைத் தாண்டியதில்லை. சிவப்புப் பென்சிலால் எழுதி முதலெழுத்துப் போட்டார். அவள் கைபேசியை வாசலில் வைத்ததையும் மறந்து படியேறி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இறங்கி வந்து எண்ணைப் பார்த்துவிட்டு, "நீங்க அளந்ததுதானே சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றார் அவர்.

மூன்று வாரம் கழித்துப் புதிய வில்லை அட்டைப் பெட்டியில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தார். அப்போது கருவி மகளின் சாம்பிள்களை அளக்க ஓடிக்கொண்டிருந்தது. ஃபில்டரை மாற்றினால் கருவியை மறுபடி நேர்படுத்த வேண்டும். முழுதாக இரண்டு நாள் போய்விடும். ஓடுகிற கருவியில் எதற்குக் கை வைக்க வேண்டும்? பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

அந்த முதல் குப்பி மகளின் மேசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைத்தான் காட்டினாள். அதோடு சந்தோஷமும் முடிந்தது. இரண்டாம் பேட்சுக்கு அறுபத்தொன்று வந்தது. மூன்றாவதற்கு ஐம்பத்திரண்டு. அவள் இன்னும் கவனமாகக் காய்ச்சினாள், இன்னும் பொறுமையாகக் கழுவினாள். நாற்பத்துநான்கு. கலங்கல் போய்த் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்த நாளில் முப்பத்தெட்டு. அப்புறம் முப்பத்தைந்து, முப்பத்துநான்கு. எவ்வளவு நன்றாகச் செய்கிறாளோ அவ்வளவுக்கு எண் இறங்கியது.

இறங்கிய ஒவ்வொரு எண்ணையும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் கறுப்பு அறையில் அவள் இப்போதெல்லாம் இரண்டு நிமிடமும் பேசாமல் நின்றாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்:

"அப்பா, முதல் தடவை நான் என்ன பண்ணினேன்? ஏதோ ஒண்ணு பண்ணியிருக்கேன். அது என்னன்னு ஞாபகம் வர மாட்டேங்குது."

"எழுதி வெச்சிருப்பியே?"

"எழுதினதைத்தான் அப்படியே பண்றேன். கைதான் சரியில்லப்பா. சமையல்ல சொல்வாங்களே, கைப்பக்குவம்னு. ஒரே ஒரு தடவை வந்துச்சு. போயிடுச்சு."

அவர் என்ன சொல்லியிருக்கலாம்? எதையாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றார்.

அவள் எடுக்கவில்லை. காலையில் வெளிறிப்போன முகத்தோடு கிளம்புவாள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்று மூன்றாம் மாடியில் அவளோடு வேலை செய்த பெண் ஒருத்தி வந்து அவரிடம் சொன்னாள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல் என்பதால் அந்தப் பெண்ணை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் காரணமில்லாமல் கன்றிப்போகிறது என்று அம்மா வேறு சொன்னாள். டாக்டரிடம் போகலாம் என்று அவரும் அம்மாவும் நச்சரித்தார்கள். "இந்த பேட்ச் ஒண்ணு முடியட்டும்" என்பாள். ஒன்பதாவது முடிந்தது. பத்தாவது முடிந்தது. பதினொன்றாவது முடிந்த மறுவாரம் படிக்கட்டில் விழுந்தாள். ரத்தத்தில் நோய் என்றார்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான்கு மாதம் முன்னாலேயே கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அம்மா கேட்டதற்கு அங்கிருந்த பெரிய டாக்டர், "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை, பிழைத்திருப்பாள் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

எட்டு மாதம் கழிந்தது. அம்மா இப்போது பேசுவதில்லை. பேச்செல்லாம் அம்மாவும் மகளுமாக இருந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் பேராசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். மகள் எழுதி வைத்திருந்த அத்தியாயங்களை நெட்டையை வைத்துத் தொகுத்து, இறந்தவருக்குப் பட்டம் வழங்கக் கோரி மேலே அனுப்பினார். ஒத்துக்கொண்டார்கள். மேடையில் அம்மா போய் வாங்கிக்கொள்ளலாம். செய்தி வந்த அன்று இருட்டு சார் வீட்டுக்குப் போனபோது அம்மா முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டு, சுத்தியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சட்டம் போட்டு இங்க மாட்டலாம்" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய பேச்சு. "கொஞ்சம் மேல இருக்கோ?"

"இல்ல. சரியா இருக்கு."

ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. வெளியிலிருந்து படித்துப் பார்த்த தேர்வாளர், எழுபத்தெட்டு வந்த முதல் சாம்பிளை இன்னொரு முறை அளந்து, அந்த வளைகோட்டை இணைத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சார், ஒரு தாள்தான், என்றார் பேராசிரியர்.

அவர் மேல்மாடிக்குப் போனார். மகளின் மேசையிலிருந்து அந்தக் குப்பியை நெட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மூடியில் மகளின் எழுத்து. வெறும் கரைப்பானை வைத்தார், பூஜ்யம். குப்பியை நன்றாகக் குலுக்கி, சாம்பிளை ஊற்றினார். விளக்கை அணைத்து, யாருமில்லாத அறையில் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார்.

எழுபத்தாறு.

வாய்விட்டே சொல்லிவிட்டார்: "இருக்கும்மா. அப்படியே இருக்கு." தலையில் வைத்திருந்த பாரத்தை யாரோ ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டதுபோல இருந்தது. கைப்பக்குவம் பொய்யில்லை. ஒரே ஒரு தடவை வந்தாலும் வந்ததுதானே. பென்சிலைக் கூராக்கி எழுத உட்கார்ந்தவர், எழுதவில்லை.

ஜன்னலோரம். ஒன்றரை வருடம் ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்திருந்த குப்பி அது. இருபத்தாறு வருடத்தில் அவர் எத்தனை சாயம் பார்த்திருக்கிறார்! எல்லாச் சாயமும் வெளுக்கும். பதினைந்து நாள் வெயில் பட்டால் பாதி போய்விடும். இந்தக் குப்பியைப் பகலில் பார்த்தபோது நிறமே இல்லாமல் வெளுத்துத்தான் கிடந்தது. சாயம் செத்துப்போயிருக்கிறது. அப்புறம் மினுங்குவது எது?

தேநீர் அறைக்குப் போய்க் கால் டம்ளர் பால் வாங்கி வந்தார். அங்கிருந்த பெண் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். சுத்தமான தண்ணீரில் இரண்டே சொட்டுப் பாலை விட்டார். முதல் பேட்சைப் போலவே கலங்கல். அதில் படிகமும் இல்லை, சாயமும் இல்லை. அதைக் கருவிக்குள் வைத்தார்.

மகள் கண்டுபிடித்த அதே மேடு, அதே இடத்தில், அதே வளைவோடு எழும்பி வந்தது.

அப்புறம் அவர் செய்ததை இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. சிவப்புக் கண்ணாடியை அதன் சட்டத்திலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, கண் பழகும்வரை காத்திருந்து, நீல ஒளியை அதன்மேல் விட்டார். கண்ணாடி கங்குபோல மங்கலாகச் சிவந்தது. நீலத்தை விழுங்கிவிட்டு அந்தக் கண்ணாடியே மினுங்குகிறது. தெளிவான கரைப்பானை வைத்தால் நீலம் நேரே போய்விடும், சிவப்புக் கண்ணாடிப் பக்கம் சிதறாது. அதனால் பூஜ்யம். கலங்கலான பொருளை வைத்தால் நீலம் நாலாபக்கமும் சிதறும். பளபளப்பு வில்லை முன்னால் நின்றிருந்தால் அதைத் திருப்பியடித்திருக்கும். நிற்கவில்லை. சிதறிய நீலமெல்லாம் கண்ணாடியில் விழுந்து, கண்ணாடி மினுங்கி, அந்த மினுக்கத்தைச் சாயத்தின் கணக்கில் கருவி சேர்த்து எண்ணியது. அதை அவர் சிவப்புப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

கீழ் இழுப்பறையைத் திறந்தார். அட்டைப் பெட்டி ஒட்டிய பட்டை பிரியாமல் அப்படியே இருந்தது.

இரண்டு நாள் செலவழித்துப் புதிய வில்லையைப் பொருத்திக் கருவியை நேர்படுத்தினார். பால் தண்ணீரை வைத்தார். பூஜ்யம். முதல் குப்பியை வைத்தார். எழுபத்தாறு காட்டியது இப்போது ஒன்பதுதான் காட்டியது. வெளுத்த சாயத்துக்கு அதுவே அதிகம். பிறகு நெட்டையிடம் மற்ற குப்பிகளைக் கேட்டார். குளிர்ப்பெட்டியில் வெள்ளித்தாள் சுற்றி மகள் வைத்திருந்தாள், வெயில் படாமல், பத்தும் வரிசையாக. ஒவ்வொன்றாக அளந்தார். இரண்டாவது முப்பது. மூன்றாவது இருபத்தொன்பது. நான்காவது முப்பது. முப்பது. முப்பத்தொன்று. முப்பது. கடைசிக் குப்பி வரைக்கும் ஒரு புள்ளிக்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த அறைக்கு வந்த எந்த ஆய்வாளருடைய கையும் இத்தனை நேராக இருந்ததில்லை.

அவளுடைய நோட்டை அப்போதுதான் முழுதாகப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பேட்சின் பக்கத்திலும் அவருடைய சிவப்பு எண். அதற்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரே சொல்: "கை?" இரண்டாம் பேட்சிலிருந்து பதினொன்றுவரை பத்துத் தடவை.

குப்பிகளைத் திருப்பி வாங்கிக்கொள்ள நெட்டை வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"வேற இடத்துக்கு அனுப்பி ஒருதடவை அளக்கச் சொல்லலாம்னு நான் அவகிட்ட சொன்னேன் சார்" என்றாள். "ஆறாவது பேட்ச் அப்போ."

"என்ன சொன்னா?"

"விடுங்க சார்."

"என்ன சொன்னா, சொல்லும்மா."

"சிரிச்சா. 'அளவு அப்பா எடுத்தது, அதுல தப்பு இருக்காது. என் கையத்தான் பாக்கணும்'னா."

அவர் தலையை ஆட்டினார். நன்றாக ஆட்டினார், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்பவர்போல.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. இரண்டு வளைகோடுகளையும் மேசைமேல் வைத்து இருட்டு சார் சொன்னதை முழுதும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"சார், தேர்வாளர் கேட்டது முதல் சாம்பிளோட அளவு. அது எழுபத்தாறுன்னு உங்க கருவி காட்டியிருக்கு. பொய் இல்லையே."

"அது கண்ணாடியோட அளவு."

"அந்த எண்ணை எடுத்துட்டா மொத்த ஆய்வும் உக்காந்துடும். முப்பது ஏற்கெனவே பத்துப் பேர் வாங்கினதுதான். பட்டத்தை நிறுத்திடுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

"வீட்ல அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"முதல்ல அங்க சொல்லுங்க. அப்புறமும் இதேதான் சொல்வீங்கன்னா நான் அனுப்பிடறேன்."

அன்று அவர் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து அவரும் மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே சொன்னார். வில்லை, கண்ணாடி, பால், பிரிக்காத பெட்டி. அம்மாவுக்கு இதெல்லாம் எத்தனை புரிந்ததோ, ஆனால் எது புரிய வேண்டுமோ அது புரிந்துவிட்டது. மடித்த துணியை வைத்தாள்.

"அந்த எண்ணு திரும்ப வரணும்னுதானே அவ ஆஸ்பத்திரிக்கு வராம இருந்தா?"

"ஆமா."

"அந்த எண்ணே கெடயாதா?"

"கெடயாது."

"அப்ப அதை நீங்க ஏன் இப்ப போய் எல்லார்கிட்டயும் சொல்லணும்? உங்க தப்ப ஒத்துக்கறதுக்கு அவ பட்டம்தான் கெடச்சுதா உங்களுக்கு?"

அவரிடம் தயார்செய்து கொண்டுவந்த ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னார்.

"பத்துக் குப்பியும் ஒரே அளவும்மா. முப்பது, முப்பது, முப்பது. அவ கை சரியாத்தான் இருந்துச்சு. பொய் எண்ணு மேல நின்னா, மத்த பத்தும் தப்புன்னு ஆயிடும். அவ தப்பாப் பண்ணினான்னு ஆயிடும்."

அம்மா எழுந்துவிட்டாள். சமையலறை வாசலில் திரும்பி நின்றாள்.

"அவ கை சரின்னு எனக்குத் தெரியும். பொறந்த அன்னிக்கே புடிச்சுப் பாத்தவ நான். உங்களுக்குத்தான் கருவி வெச்சுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு." கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, "ஆஸ்பத்திரில ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தா. ஏன்டீன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டா. இதுக்குத்தானா?" என்றாள்.

அவர் கையில் பாதி மடித்த துண்டு இருந்தது.

மறுநாள் காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அனுப்பச் சொல்லுங்க."

அனுப்பினார்கள். ஆறு வாரத்தில் பதில் வந்தது. மதிப்பிற்குரிய ஆய்வாளருக்கு என்று மகளின் பெயருக்கே எழுதியிருந்தார்கள். அளவீட்டில் பிழை கண்டறியப்பட்டிருப்பதால் ஆய்வேட்டை ஏற்க இயலவில்லை. ஆய்வாளர் புதிய சோதனைகளைச் செய்து, திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குள் மீண்டும் சமர்ப்பிக்கலாம். எந்த மேசையிலோ எவரோ அச்சிட்டு வைத்திருந்த வழக்கமான கடிதம். அம்மா இரண்டு தடவை படித்தாள். "ஒரு வருஷம் டைம் குடுத்திருக்காங்க" என்றாள். சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. பிறகு அவள் அழுது முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நெட்டை தன் ஆய்வேட்டில் அந்தப் பத்து எண்களையும் மகளின் பெயரோடு ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டாள். அதுதான் அச்சில் நின்றது. கருவியின் பக்கத்தில், புதிதாக வருகிறவர்கள் கண்ணில் படும்படி, இரண்டு சொட்டுப் பால் விட்ட தண்ணீரையும் முதலில் அளக்க வேண்டும் என்று அவர் எழுதி ஒட்டினார். காரணம் கேட்கிற பிள்ளைகளுக்குக் காரணத்தையும் மறைக்காமல் சொன்னார், யாருடைய சாம்பிள், யார் அளந்தது என்பதுவரை. அதைக் கேட்டபின் சிலர் அவரிடம் அளக்கக் கொடுக்கத் தயங்கினார்கள். அது நியாயம்தான் என்று நினைத்தார்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய நாள் மகளின் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் பழைய சிவப்பு எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கோட்டால் அடித்து, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி முதலெழுத்துப் போட்டார். "கை?" என்றிருந்த இடத்துக்கு நேராகப் பத்துத் தடவையும் "சரி" என்று எழுதினார். பன்னிரண்டாம் பேட்சுக்கென்று அவள் தேதி மட்டும் போட்டு வைத்திருந்த பக்கம் வந்தது. பென்சிலை வைத்துவிட்டார்.

சுவரில் அடித்த ஆணியை இரண்டு பேரும் பிடுங்கவில்லை. பிடுங்கினால் சுவர் பெயர்ந்துவிடும் என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நாள் வெறுமனே நின்றது. பிறகு ஒருநாள் கடைக்குப் போய்வந்தவள் வீட்டுச் சாவியை அதில் மாட்டினாள். இப்போது அங்கேதான் தொங்குகிறது. கொஞ்சம் உயரம்தான், எடுக்கும்போது அவள் குதிகாலை உயர்த்த வேண்டியிருக்கிறது.